நெனப்புக்குக் காவல்

அந்தப் பெஞ்சுல உக்காராதீங்கம்மா, அதுல ஒரு கால் ஆடும். இங்கன வாங்க. சிஸ்டர் வர இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். இது குளிப்பாட்டுத நேரம், பத்தரைக்குத் தான் உள்ள விடுவாவ. உங்களுக்கு இது மொத தடவையா? அப்பாவை இந்த மறதிக்காரவங்க இல்லத்துல சேக்கணுமா? சரி சரி, சொல்ல வேண்டாம். இந்த வராந்தாவுக்கு வாரவங்க எல்லாரும் மொத நாள் இப்படித் தான், பையை மடியில வச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பாவ. நானும் அப்படித் தான் இருந்தேன்.

என் பேரு சற்குணம். கால்நடை ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஊர்ல மாட்டு டாக்டர்னு சொல்லுவாவ. டாக்டர் இல்ல, ஆய்வாளர். சினை ஊசி போடுவேன், கோமாரி முகாமுக்குப் போவேன், முப்பத்திமூணு வருசம். உள்ள இருக்கது என் வீட்டுக்காரி, ஞானப்பூ. டீச்சரா இருந்தவ. எங்க சபைப் பள்ளிக்கூடத்துல மூணாங் கிளாஸ்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடாதீங்க. உங்க அப்பா இப்படி ஆனதுக்கு அப்புறம், அதுக்கு முன்னால சொல்லாத எதையாவது சொல்லுதாவளா? இல்லையா. பேச்சே நின்னு போச்சா. அது ஒரு விதத்துல... இல்ல, அப்படிச் சொல்லக் கூடாது. மன்னிச்சிருங்க.

எங்க வீட்டுல வேற மாதிரி. இவளுக்குப் பேச்சு தொறந்துட்டு.

அதைச் சொல்லணும்னா மொதல்ல என்னைப் பத்திச் சொல்லணும். நான் பிரசங்கம் செய்யுதவன். சம்பளத்துக்கு இல்ல. ஐயரு வேற ஊருக்குப் போற ஞாயித்துக்கிழமை என்னைக் கூப்பிடுவாவ. எங்க பக்கம் சபை போதகரை ஐயருன்னு தான் சொல்லுவோம். எனக்குன்னு ஒரு பிரசங்கம் உண்டு, மனுசனும் மிருகமும்னு. சுத்துவட்டாரத்துல பதினாலு சபையில அதைச் சொல்லியிருக்கேன். சில சபையில ரெண்டாந் தடவை கேட்டு வாங்கியிருக்காவ.

என்ன சொல்லுவேன்னா, நான் பாக்காத மிருகம் இல்ல. ஒரு காளைக்கு உதைக்கணும்னு தோணுச்சுன்னா, தோணுததும் உதைக்கதும் ஒண்ணு தான். நடுவுல இடம் கிடையாது. மனுசனுக்கு அந்த நடுவுல ஆண்டவர் ஒரு இடம் வச்சிருக்காரு, வீட்டு வாசல் மாதிரி. நெனப்பு வந்து அங்கன நிக்கும். உள்ள விடவா, வேண்டாமான்னு நாம தீர்மானிக்கலாம். ஆண்டவர் மனுசனைத் தன்னைப் போலப் படைச்சாரு, தேவசாயல் தேவசாயல்னு சொல்லுதோமே, அது மூக்குலயும் முழியிலயும் இல்ல, அந்த வாசல்ல இருக்கு. அங்கன காவல் போடாதவன் ரெண்டு கால் மாடு. இப்படிச் சொல்லி நிறுத்துவேன்.

சும்மா சொல்லலம்மா. அப்படியே இருந்தேன். முப்பத்தெட்டு வருச குடித்தனத்துல ஞானப்பூவை நான் கை நீட்டி அடிச்சது கிடையாது. ஏய்னு கூப்பிட்டது கிடையாது. குடி கிடையாது, பொடி கிடையாது. கோவம் வந்தா வாயை மூடிக்கிடுவேன். அவ்வளவு தான். நெஞ்சுக்குள்ள என்ன ஓடினாலும் வெளிய விட மாட்டேன். ரெண்டு நாள் ஆகும், ஒரு வாரம் ஆகும், அது தானா அடங்கும். அதுக்கு அப்புறம் பேசுவேன். ஊர்ல எத்தனை வீட்டுல சட்டி பானை பறக்கு. எங்க வீட்டுல ஒரு சத்தம் கேட்டிருக்கான்னு யாரை வேணும்னாலும் கேளுங்க.

போன வருசம் சித்திரையில தான் ஆரம்பிச்சுது. மொதல்ல உப்பு. ஒரு நாள் ரெண்டு தடவை போடுவா, ஒரு நாள் போடவே மாட்டா. வயசாகுதுன்னு விட்டுட்டேன். அப்புறம் பெண்கள் ஐக்கிய சங்கத்துல ஒரு அம்மா ரொம்ப நேரம் ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காவ. இவ கண்ணைத் தொறந்து, "போதும் அக்கா, ஆண்டவருக்கு உங்க வீட்டு விலாசம் தெரியும், காப்பி ஆறுது"ன்னு சொல்லியிருக்கா. எல்லாரும் சிரிச்சிருக்காவ. வீட்டுக்கு வந்து என்கிட்டயும் சிரிச்சுக்கிட்டே சொன்னா. எனக்குச் சிரிப்பு வரல. இவ இப்படிப் பேசுதவ இல்ல. இருக்க இடம் தெரியாம இருக்கவ. கல்யாணம் ஆன புதுசுலயே எங்க அம்மா சொல்லுவா, இப்படி ஒரு அமைதியான பொண்ணு கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்னு.

ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. ஐயரு இல்ல, நான் தான் பிரசங்கம். அன்னைக்கு மனுசனும் மிருகமும் தான் எடுத்தேன். அதுல ஒரு உதாரணம் சொல்லுவேன். பேரு சொல்ல மாட்டேன், ஒரு குடும்பத்துலன்னு தான் ஆரம்பிப்பேன். அது எங்க குடும்பம் தான்.

அது எம்பத்தொம்பதுல நடந்தது. நான் கோமாரி முகாமுக்குப் போய் மூணு நாள் தங்கிட்டு வாரேன். வீடு பூட்டிக் கிடக்கு. இவ பிள்ளையைக் கூட்டிக்கிட்டு அவ அம்மா ஊருக்குப் போயிட்டா. சீட்டு எழுதி பக்கத்து வீட்டுல கொடுத்திருந்தா, இல்லைங்கல. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்தப் பூட்டைப் பாத்துக்கிட்டு நின்னப்ப என் நெஞ்சுக்குள்ள வந்த வார்த்தை எல்லாம், அதை இங்க சொல்ல முடியாது. அவ திரும்பி வந்தப்ப அதுல ஒண்ணையாவது சொல்லியிருந்தேன்னா நான் மனுசன் இல்ல. காவல் போட்டேன். நாப்பது நாள். லெந்து காலத்து நோன்பு மாதிரி நாப்பது நாள், ஒரு கடுஞ்சொல் என் வாயில இருந்து வரல. பிரசங்கத்துல இதைச் சொல்லி, பிரியமானவர்களே, எந்த மிருகத்தால இது முடியும்னு கேப்பேன்.

அன்னைக்கும் கேட்டேன். பெண்கள் பக்கத்துல மூணாவது வரிசையில இருந்து ஞானப்பூ எந்திரிச்சா. முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டா. பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லுத குரல்ல, தெளிவா, அவசரமே இல்லாமச் சொன்னா.

"எங்க அம்மா செத்து நாப்பது நாள். இந்த மனுசன் என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. சாப்பிட்டியான்னு கேக்கல. எங்க வீட்டு நாய் என் காலைச் சுத்திச் சுத்தி வந்துது. அது தான் வந்துது."

சொல்லிட்டு உக்காந்துட்டா. பாட்டுப் புஸ்தகத்தை எடுத்து அடுத்த பாட்டைத் தேட ஆரம்பிச்சிட்டா.

நெசம் தான், அப்ப ஒரு நாய் வளத்தோம். அவ அம்மாவும் அந்த முறை தான் இறந்தாவ. நான் அடக்கத்துக்குப் போனேனே. போகாம இருக்கல. பின்னால நின்னேன். மண் போட்டேன். பஸ் ஏறி வந்துட்டேன். அவ எட்டாம் நாள் வந்தா. பிரசங்கத்துல அதை எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா, உதாரணம்னா சுருக்கமாத் தான் சொல்லணும்.

பிரசங்கத்தை நான் நிறுத்தல. ரெண்டு நிமிசம் தான் பாக்கி இருந்துது, முடிச்சேன். ஆசீர்வாதம் சொன்னேன். வெளிய வந்தா ஒருத்தரும் என் கையைப் புடிக்கல.

அதுக்கு மேல வீட்டுல தெனமும். முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டே சொல்லுவா, "உங்க செருப்புச் சத்தம் கேட்டா நான் கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கிடுவேன்." சும்மா, மழை வரும் போல இருக்குங்கிற மாதிரி. நான் சொல்லுவேன், ஏன் ஞானப்பூ, நான் உன்னை என்னைக்காவது அடிச்சேனா? அவ கீரையைப் பாத்துக்கிட்டே சொன்னா, "அடிச்சிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

அடிக்காதது ஒரு குத்தமா? நீங்க சொல்லுங்க.

சபையில ரெண்டு பேரு, இது அவங்க பேசல, அசுத்த ஆவி பேசுதுன்னு சொன்னாவ. எனக்கு அது நிம்மதியா இருந்துச்சு. நெசமாவே நிம்மதியா இருந்துச்சு. ஆவியா இருந்தா, அது சொல்லுதது பொய் தானே. எங்க சபை இல்ல, வேற ஒரு ஜெபக்குழு, அவங்களைக் கூப்பிட்டேன். மூணு நாள் மத்தியானம் வந்தாவ. தலையில கையை வச்சு அமுக்கி, வெளிய வா வெளிய வான்னு சத்தம் போட்டாவ. இவ மொத நாள் அவங்களுக்குத் தண்ணி கொண்டாந்து கொடுத்தா. ரெண்டாம் நாள் அழுதா. மூணாம் நாள் அவங்க வாசல்ல வரும்போதே கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டா. அறுபத்துமூணு வயசு பொம்பள. நான் தான் காலைப் புடிச்சு வெளிய இழுத்தேன். ஏன்னா சுகம் ஆகணும்லா.

ஆகல. அதுக்கு அப்புறம் தான் பாளையங்கோட்டையில ஒரு டாக்டரைப் பாத்தோம். படம் எடுத்தாவ. அந்தப் படத்தை வெளிச்சத்துல தொங்கவிட்டு டாக்டர் பேனாவால காட்டினாரு. மூளையில முன்பக்கம் சுருங்கிக்கிட்டு வருதாம். வாய்க்கு வாரதை நிறுத்தி, இதைச் சொல்லலாமா கூடாதான்னு பாக்க இடம் அது தானாம். நான் அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு நின்னேன். பதினாலு சபையில நான் சொன்ன வாசல் இருக்கே, அது. அங்க கறுப்பா இருந்துச்சு.

டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு தான் கேட்டேன். அப்போ அவ சொல்லுதது நெசமா, நோயான்னு. அவரு நல்ல மனுசன். கண்ணாடியைக் கழத்திட்டு, "அய்யா, நோய் கதவைத் தான் தொறக்கும். உள்ள இருக்கது சில நேரம் நெசமா இருக்கும், சில நேரம் கலந்து இருக்கும். பிரிச்சுச் சொல்ல எங்களால முடியாது"ன்னாரு. கலந்து இருக்கும்னு சொன்னாருலா, அதைப் புடிச்சுக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அதைத் தான் புடிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஐயரு கோயில்ல கொடுக்க திருவிருந்து அப்பத்தை வீட்டுக்குக் கொண்டாந்தாவ. சின்ன வயசு ஐயரு, நாலு வருசத்துக்கு முன்னால தான் பட்டம் வாங்கினவரு. இவ அப்பத்தை வாங்கிக்கிட்டு, "ஐயரே, சட்டையில பட்டனை மாத்திப் போட்டுருக்கீங்க"ன்னா. அவரு சிரிச்சுக்கிட்டே சரி பண்ணினாரு. நான் அவரை முற்றத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் கேட்டேன். ஐயரே, அந்த இடமே இவளுக்குப் போயிட்டு. அப்போ தேவசாயல் இவகிட்ட இன்னும் இருக்கா, இல்லையா? அவரு செருப்பை மாட்டிக்கிட்டாரு. அப்புறம், "எனக்குத் தெரியல அண்ணாச்சி. ஆனா இந்தக் கேள்வியை நீங்க அவங்களைப் பத்தி மட்டும் தான் கேக்கீங்க"ன்னாரு.

என்ன அர்த்தத்துல சொன்னாருன்னு எனக்கு இன்னும் விளங்கல. படிச்சவங்க.

எங்களுக்கு ஒரே மக. ஹெப்சிபா, ஓசூர்ல இருக்கா. போன்ல அவகிட்ட அழுதேன். உங்க அம்மா எப்படி எப்படி எல்லாம் பேசுதா பாருன்னு சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில, "அம்மா சொல்றதுல எதுவும் எனக்குப் புதுசு இல்லப்பா. அந்த நாப்பது நாளும் நாந்தான நடுவுல போனேன்"ன்னா. அப்ப அவளுக்கு ஆறு வயசு. அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு, அம்மாட்ட சட்டையைத் தொவைக்கச் சொல்லுன்னு இங்கயும் அங்கயும் போவா. விளையாட்டு மாதிரி ஓடுவா. நான் விளையாட்டுன்னு தான் நெனச்சேன். அம்மாவை என்கிட்ட அனுப்புங்கன்னு கேட்டா. நான் மாட்டேன்னுட்டேன். கட்டினவன் இருக்கும்போது மக வீட்டுல போய் இருந்தா ஊர்ல என்ன பேசுவாவ?

புரட்டாசியில இருந்து வெளிய போக ஆரம்பிச்சா. மத்தியானம் பள்ளிக்கூட வாசல்ல போய் நிப்பா, பிள்ளைங்க வாய்ப்பாடு சொல்லுதாவளான்னு கேக்கதுக்கு. ஒரு நாள் மெயின் ரோட்டுல, லாரி வார ரோட்டுல, நடுவுல நடந்து போறா. அப்போ தான் கட்டினேன்.

பாக்காதீங்கம்மா, அப்படிப் பாக்காதீங்க. வலிக்காத முடிச்சு அது. எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. கன்னுக்குட்டிக்குப் போடுதது. பருத்திக் கயிறு, அதுக்கு மேல பழைய சேலைத் துணி சுத்தி, இடது கணுக்கால்ல. நானே முகாம்ல ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முடிச்சு. அந்தக் கயிறு அடுக்களை வரைக்கும் வரும், பின்கதவு வரைக்கும் வராது. அளந்து தான் கட்டினேன்.

பத்து பன்னெண்டு நாள் அப்படி இருந்துச்சு. பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் வாங்கிட்டுப் போன சின்ன உரலைக் கொடுக்க வந்தவ, பாத்துட்டா. சத்தம் போடுவான்னு நெனச்சேன், போடல. தரையில உக்காந்து, ஞானப்பூ காலை மடியில எடுத்து வச்சு அவுத்தா. அவுக்கத் தெரியல அவளுக்கு, ரொம்ப நேரம் ஆச்சு. நான் சொன்னேன், வலிக்காது தங்கபுஷ்பம், அது வலிக்காத முடிச்சு. அவ என் முகத்தைப் பாக்காமலே, "வலிக்கலைன்னு உங்ககிட்ட யாரு அண்ணாச்சி சொன்னா"ன்னு கேட்டா.

ஞானப்பூ தான் எல்லாத்தையும் சொல்லுதாளே. கயிறைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்ல. அது ஏன்னு எனக்குத் தெரியல.

இனி சொல்லப் போறது, இதை நான் யாருகிட்டயும் சொல்லல. ஐயரு கிட்ட சொல்லல, மக கிட்ட சொல்லல. நீங்க யாரோ. உங்க பேரு கூடத் தெரியாது. அதனால சொல்லுதேன்.

ஐப்பசி மாசம். மழை புடிச்சு நாலு நாள். தங்கபுஷ்பம் அவுத்துட்டுப் போன பெறகு நான் கட்டல. ஆனா கண் மூட முடியல. அன்னைக்குக் காலையில சேலையில அசிங்கம் பண்ணிட்டா, கழுவப் போனா அடிக்கா. சோத்துத் தட்டைத் தட்டி விட்டா. மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும். மழை நின்னு வெயில் அடிச்சுது. அவ கட்டில்ல உக்காந்து, அவ அம்மாவைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கா. அம்மா, அம்மான்னு. ஒரு மணி நேரமா.

என்கிட்ட ஒரு பெட்டி உண்டு. ரிட்டயர் ஆனாலும் ஊர்ல ஆடு மாடுக்குக் கூப்பிடுவாவ, அதனால சில மருந்து வச்சிருப்பேன். மாட்டை மயக்குத மருந்து ஒண்ணு. கொஞ்சமாப் போட்டா மயக்கம், கூடப் போட்டா எந்திரிக்காது. லாரியில அடிபட்டு முதுகு ஒடிஞ்சு கிடக்க மாட்டுக்குப் போட்டிருக்கேன். பாத்துக்கிட்டு இருக்க முடியாம, கண்ணுல தண்ணியோட போட்டிருக்கேன்.

அந்த நெனப்பு வந்துச்சு. வாசல்ல எல்லாம் நிக்கலம்மா. நேரா உள்ள வந்து உக்காந்துட்டு, நம்ம வீட்டு ஆளு மாதிரி. நான் காவல்காரனைத் தேடிப் பாத்தேன். ஆண்டவரேன்னு கூப்பிட்டுப் பாத்தேன், நாக்கு தான் சொல்லுச்சு. முப்பத்தெட்டு வருசமா வெளிய விடாம வச்சிருந்தது எல்லாம் உள்ளயே தான் இருந்திருக்கு. ஒண்ணும் போகல. அப்படியே இருந்துச்சு. என் கை ஊசியை எடுத்துது. மருந்தை ஏத்துச்சு. அவளுக்கு எவ்வளவு, மிச்சம் எனக்கு எவ்வளவுன்னு மனசு கணக்குப் போட்டுட்டு. கை நடுங்கல. அதைத் தான் என்னால மறக்க முடியல, கை நடுங்கல.

அவ முன்னால போய் நின்னேன். அவ அழுகையை நிறுத்திட்டு ஊசியைப் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா.

"மாட்டுக்கா?"ன்னா.

ஆமான்னேன்.

"பாவம்"ன்னா. "தலையைத் தடவிக்கிட்டே போடுங்க. பயப்படும்."

கையை நீட்டித் தடவிக் காட்டினா. காத்துல. அங்க ஒரு மாடு படுத்திருக்க மாதிரி, அது நெத்தியில, மெதுவா.

நான் பின்வாசல் வழியாப் போய் மருந்தைச் சாக்கடையில ஊத்தினேன். குப்பியில இருந்ததையும் ஊத்தினேன். அப்புறம் அங்கனயே ஈரத்துல உக்காந்துட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. அவ உள்ள இருந்து மறுபடியும் அம்மா அம்மாங்கா.

இதைத் தான் நான் எல்லாருகிட்டயும் கேக்கணும்னு இருக்கேன், கேக்க முடியாம இருக்கேன். என் வாசல்ல முப்பத்தெட்டு வருசக் காவல். அங்க இருந்து வெளிய வந்தது கொலை. அவ வாசல்ல காவலே இல்ல, படத்துல பாத்தேன், கறுப்பா இருந்துச்சு. அங்க இருந்து ‘பாவம்’னு ஒரு சொல் வந்துச்சு. அது எங்க இருந்தும்மா வந்துச்சு? அதைக் காவல் காத்தது யாரு? நான் பதினாலு சபையில என்னத்தச் சொல்லிக்கிட்டு இருந்தேன்?

அன்னைக்குச் சாயங்காலமே ஹெப்சிபாவைக் கூப்பிட்டேன். ஊசி விசயத்தைச் சொல்லல. என்னால முடியல தாயின்னு மட்டும் சொன்னேன். மறுநாள் வந்துட்டா. அவ தான் இந்த இடத்தைக் கண்டுபிடிச்சது. கார்த்திகை மொத வாரம் கொண்டாந்து விட்டோம். இங்க நல்லாப் பாத்துக்கிடுதாவம்மா, பயப்படாதீங்க. கட்ட மாட்டாவ. சுத்தி மதில் இருக்கு, உள்ள வேப்பமரத்துக்கு அடியில நடக்க விடுவாவ. எடை கூட ஏறியிருக்கு.

நான் செவ்வாயும் வெள்ளியும் வாரேன். ரெண்டு பஸ் மாறணும். பிரசங்கத்தை விட்டுட்டேன். ஐயரு கேட்டாவ, வேண்டாம்னுட்டேன்.

என்னை அவளுக்குத் தெரியல. தை மாசத்துல இருந்தே தெரியல. பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த கல்வி அதிகாரின்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. நான் போனதும் எந்திரிச்சு நிப்பா. வணக்கம் சார்ம்பா. உக்காருங்க டீச்சர்னு நான் சொன்னா தான் உக்காருவா. அப்புறம் பிள்ளைங்க வருகை, சத்துணவு எல்லாம் சொல்லிட்டு, மெதுவா வீட்டுக்காரரைப் பத்தி ஆரம்பிப்பா. யாருகிட்டயும் சொல்லாதீங்க சார்னு சொல்லிட்டுச் சொல்லுவா.

மொத தடவை நான் மறுத்துப் பேசிட்டேன். அப்படி எல்லாம் இருக்காது டீச்சர், அவரு நல்ல மனசுல தான் செஞ்சிருப்பாருன்னு. அவ அப்படியே வாயை மூடிட்டா. கையைக் கட்டிக்கிட்டுத் தரையைப் பாத்தா. ரெண்டு வாரம் என்கிட்டப் பேசல. சரியாச் சொன்னா பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் நான் பட்ட பாடு இருக்கே. இங்க வந்து உக்காந்துட்டு, அவ முகத்தையே பாத்துட்டு, போயிட்டு, மறுபடி வந்து. ஒரு வார்த்தை, திட்டியாவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளான்னு.

அதுக்கு அப்புறம் மறுக்கல. கேக்கேன். சிலது எனக்கு ஞாபகமே இல்ல. ஒரு தடவை டீச்சர்மார் எல்லாம் சேந்து மணப்பாடு கடற்கரைக்குப் போனாவளாம். இவளும் கேட்டாளாம். நான் வேண்டாம்னு சொல்லலையாம். ஒண்ணுமே சொல்லலையாம். அதனால போகலையாம். "போன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன் சார், போகாதேன்னு சொல்லியிருந்தாலும் சண்டை போட்டுப் போயிருப்பேன்"ன்னா. டாக்டர் கலந்து இருக்கும்னாருலா, இது அந்தக் கலந்ததுல ஒண்ணா இருக்கும்னு பஸ்ஸுல போகும்போது நெனச்சேன். வீட்டுக்குப் போய் போன்ல ஹெப்சிபாட்ட கேட்டேன். இல்லப்பா, நெசம்ன்னா.

நல்லதும் ஒண்ணு சொன்னா. அவளுக்கு டைபாய்டு வந்தப்ப நான் அவளைத் தோள்ல தூக்கிக்கிட்டு ரோட்டு வரைக்கும் ஓடினேனாம். வழி பூரா பேசிக்கிட்டே வந்தேனாம், கண்ணை மூடாத ஞானப்பூ, கண்ணை மூடாத ஞானப்பூன்னு. "அந்த ஒரு நாள் அவிய நல்லா இருந்தாவ சார்"ன்னா. ஒரு நாள்.

போன வெள்ளிக்கிழமை என்னால தாங்க முடியல. சுத்தி யாரும் இல்ல. அவ கையைப் புடிச்சேன், அது வரைக்கும் புடிச்சதில்ல, சார் புடிக்கக் கூடாதுலா. ஞானப்பூ, என்னை மன்னிச்சிருன்னேன். வாய் விட்டுச் சொன்னேன். முப்பத்தெட்டு வருசத்துல மொத தடவை.

அவ கையை உருவிக்கிடல. என் முகத்தை ரொம்ப நேரம் பாத்தா. பிள்ளை தப்பா விடை எழுதிட்டா எப்படிப் பாப்பா, அப்படி. இரக்கமாத் தான் பாத்தா.

"நீங்க எதுக்கு சார் கேக்கீங்க? அவிய வரட்டும். அவிய வந்து கேக்கட்டும்"ன்னா.

வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க டீச்சர்னு கேட்டேன்.

அதுக்கு அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. "அவிய வர மாட்டாவ சார்"ன்னா.

அதான்மா. மூணு நாளா சோறு இறங்கல. நேத்து பீரோவைக் கொடஞ்சு இதை எடுத்தேன், பாருங்க, இந்தப் பையில இருக்கு. காக்கிச் சட்டை. முகாமுக்குப் போடுதது, அவ தான் தொவைச்சு கஞ்சி போடுவா. தொப்பை விழுந்துட்டு, பட்டன் சேராது, ஆனா மாட்டிக்கிடலாம். இதைப் போட்டுக்கிட்டு, பழைய மாதிரி செருப்புச் சத்தம் கேக்க நடந்து போனா அவளுக்கு அடையாளம் தெரியும். நிச்சயமாத் தெரியும். தெரிஞ்சா நான் கேக்கலாம்.

ஆனா தெரிஞ்சா பயந்துருவாளேம்மா. கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கிடுவேன்னு சொன்னாளே. மறுபடியும் கட்டிலுக்கு அடியில போயிட்டான்னா? எடை ஏறி, வேப்பமரத்தடியில சிரிச்சுக்கிட்டு நடக்கா. சார்னு சொல்லி மனசுல இருக்கதை எல்லாம் கொட்டுதா. அதுவும் போயிருமே.

காலையில ஆறு மணி பஸ்ஸுக்கு ஏறினதுல இருந்து இதைத் தான் யோசிச்சுக்கிட்டு வாரேன். அந்தா, சிஸ்டர் கதவைத் தொறக்காவ. பத்தரை ஆயிட்டு போல. நீங்க பொம்பளப் பிள்ளை, உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கம்மா. இதைப் போட்டுக்கிட்டுப் போகட்டுமா? இல்ல, சாராவே போகட்டுமா?